76 குதிரை 74 ஆன கதை

ஒரு வெள்ளைத் தாள் எவ்வளவு கறுப்பாகிறது என்று பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. சொந்தக்காரர்கள் கேட்டால் "இன்ஜின் கம்பெனியில் டெஸ்டிங்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன்.

இன்ஜினை டைனமோமீட்டரில், அதாவது சுமை கொடுத்து அதன் திறனை அளக்கும் கருவியில், பூட்டி ஓட்டுவோம். வெளிவரும் புகையில் ஒரு சிறு பங்கை இழுத்து, சுத்தமான காற்றோடு கலந்து, வட்டமான ஃபில்டர் தாள் ஒன்றின் வழியே செலுத்துவோம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தாளை நிறுத்தால் படிந்த கரியின் எடை கிடைக்கும். மைக்ரோகிராம் கணக்கு என்பதால் விரல் படக்கூடாது, இடுக்கிதான். தராசு அறையின் வெப்பமும் ஈரமும் கொஞ்சம் மாறினாலும் எடை ஏமாற்றும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமே தராசுப் பக்கம் தும்மாதே என்பதுதான்.

நான் சேர்ந்தபோது கட்டுமான இயந்திரங்களுக்கு 2011-இல் வந்த மூன்றாம் கட்டப் புகை விதி நடப்பில் இருந்தது. எங்கள் அளவு இன்ஜினுக்கு ஒரு கிலோவாட்-மணிக்கு 0.4 கிராம் கரித்துகள் வரை அனுமதி. தாள் அடுப்புக்கரி மாதிரி வரும், பாஸ் ஆகிவிடும். 2018 மார்ச்சில் மத்திய அரசின் அறிவிக்கை வந்தது. நான்காம் கட்டத்தில் அந்த 0.4, 0.025 ஆக வேண்டும். பதினாறில் ஒரு பங்கு. 2020 அக்டோபர் என்று கெடு வைத்தார்கள். அப்புறம் கொரோனா வந்து, அது 2021 ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. அந்த ஆறு மாதம் இல்லாவிட்டால் எங்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு.

எங்களிடம் அதிகம் விற்றது பேக்ஹோ லோடருக்கான இன்ஜின். எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஊரில் அதற்கு ஜேசிபி என்றுதான் பெயர். 76 எச்.பி. (குதிரைத் திறன்), அதாவது 57 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. விதிப் புத்தகத்தில் ஒரு கோடு 56 கிலோவாட்டில் ஓடுகிறது. அதற்கு மேலே போனால் நைட்ரஜன் ஆக்சைடு 0.4 கிராமுக்குள் இருக்க வேண்டும். கீழே இருந்தால் நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும் சேர்ந்து 4.7. மூன்றாம் கட்டத்தில் இருந்த அதே 4.7. மேலே இருக்க வேண்டுமானால் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா டேங்க், அதற்கு ஒரு பம்ப், சென்சார்கள், தனி வயரிங் எல்லாம் வேண்டும். ஒரே ஒரு வண்டியைக் கடனில் வாங்கி ஓட்டுகிறவரிடம் அந்தச் செலவை யார் சொல்வது?

ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து போய், போர்டில் இருந்த 76-ஐ அழித்துவிட்டு 74 என்று எழுதினார். 74 என்றால் 55 கிலோவாட். யாரும் சிரிக்கவில்லை, யாரும் மறுக்கவுமில்லை. டீ வந்தது.

இதில் திருட்டுத்தனம் ஒன்றுமில்லை. 56 கோடு நாம் கண்டுபிடித்ததும் அல்ல, ஐரோப்பிய, அமெரிக்க விதிகளிலும் உண்டு. அங்கேயும் 74 குதிரை இயந்திரங்கள் ஏராளம். இன்னொரு கோடு 37 கிலோவாட்டில் இருக்கிறது, சுமார் 50 எச்.பி. அதற்குக் கீழே உள்ள இன்ஜின்களை நான்காம் கட்டம் தொடவே இல்லை. நம் நாட்டில் விற்கும் டிராக்டர்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழேதான். 2023 ஜனவரியில் டிராக்டருக்கு நான்காம் கட்டம் வந்தபோது, அது 50-க்கு மேற்பட்டவைக்கு மட்டும் வந்தது. எங்கே கோடு போட்டாலும் அதன் நிழலில் ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்று நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

கரியைக் குறைப்பதில் குறுக்கு வழி இல்லை. எல்லா சிலிண்டருக்கும் பொதுக் குழாயில் டீசல் தரும் காமன் ரயில், உயர் அழுத்தத்தில் டீசல் தெளிப்பு, சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்தப்படுத்த ஒரு கேட்டலிஸ்ட் என்று ஒன்றரை வருடம் மல்லுக்கட்டினோம். ஒருநாள் தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே வெளியே வந்தது. அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மறு வருடம் விழுப்புரம் பக்கம் ஓர் ஏரியில் தூர்வாரும் வண்டி கறுப்பாகப் புகைவிடுகிறது என்று புகார் வந்தது. என்னை அனுப்பினார்கள். ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள் ஃபில்டரே இல்லை. வெளி ஃபில்டரை டயரில் அடித்து அடித்துத் தூசு தட்டியதில் மடிப்பு கிழிந்திருந்தது. டீசல், கேனில் வந்து துணியில் வடிகட்டப்பட்டு உள்ளே போகிறது. நாங்கள் 25 டிகிரியில் வடிகட்டிய காற்றைக் கொடுத்து வளர்த்த பிள்ளை!

டிப்பர் லோடு ஏற்றிப் போய்விட்டது, அடுத்தது வர இருபது நிமிடம் ஆகும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. "அண்ணே, ஆஃப் பண்ணலாமே" என்றேன் ஓட்டுநரிடம்.

"பேட்டரி வீக் சார். அதுவும் இல்லாம, மீட்டர் ஓடினாத்தானே வாடகை ஓடும்."

ஹவர் மீட்டரைத்தான் சொன்னார். மணிக்கணக்கில் வாடகை. மண்ணை அள்ளினாலும் சும்மா உறுமினாலும் மீட்டருக்கு ஒன்றுதான். லேப்டாப்பை இணைத்துப் பார்த்தேன். மொத்த மணிநேரத்தில் கிட்டத்தட்டப் பாதி ஐடிலிங், அதாவது வேலையில்லாமல் சும்மா ஓடியது. எங்கள் எட்டுப் படிச் சோதனையில் ஐடிலுக்கு உள்ள பங்கு 15 சதவீதம். அதோடு 1,238 விநாடி ஓடும் ஏற்ற இறக்கச் சோதனை ஒன்றும் உண்டு. அது பரவாயில்லை, ஆனால் அதிலும் இந்த ஏரி இல்லை. ஐடிலில் புகை சூடாவதில்லை. சூடில்லாவிட்டால் கேட்டலிஸ்ட் வேலை செய்யாது.

புகைக்குழாய் முன்னால் பானெட்டில் நிற்கிறது. எதிர்க்காற்று அடித்தால் எல்லாம் கேபினுக்குள்தான். அவர் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். "இந்த வண்டி எவ்வளவோ தேவலை சார். பழசுல ராத்திரி துப்பினா கறுப்பா வரும்" என்றார். விதியைப் பற்றி நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான். அந்தப் பழைய வண்டி எங்கே என்று கேட்டேன். செங்கல் சூளைக்கு விற்றாயிற்றாம். நன்றாக ஓடுகிறதாம்.

நம் விதி இன்ஜின் பிறக்கும் நாளோடு சரி. பழசை யாரும் கேட்பதில்லை. கலிஃபோர்னியாவில் 2007-லேயே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களுக்கும் சட்டம் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஐந்து நிமிடத்துக்கு மேல் சும்மா ஓட்டக்கூடாது, பழையவற்றைக் கழித்துக்கட்ட வேண்டும். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒற்றை வண்டிக்காரர் தெருவுக்கு வந்துவிடுவார். ஆனால் ஐடில் மணியைத் தனியாகக் காட்டும் மீட்டர் ஒன்று வைத்தால் என்ன? எழுதிக் கொடுத்தேன். "நம் வரம்புக்குள் வராது" என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஃபில்டர் கிழிந்ததற்கு மட்டும் அறிக்கை கேட்டார்கள்.

2025 ஜனவரியிலிருந்து கட்டுமான இயந்திரங்களுக்கு ஐந்தாம் கட்டம். இப்போது கரியை நிறுத்தால் போதாது, துகள்களை எண்ண வேண்டும். அதனால் புகைக்குழாயில் ஒரு கரி வடிகட்டி. சேர்ந்த கரியைச் சூட்டில் தானே எரித்துக்கொள்ளும், சூடு கிடைத்தால். 56 கோடு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. எங்கள் 74 குதிரையும்.

போன மாதம், சோதனை அட்டவணையில் இல்லாத ஒன்றை இரவு ஷிஃப்டில் ஓட்டிப் பார்த்தேன். அந்த வண்டியிலிருந்து எடுத்த கணக்கை வைத்து நானே தயாரித்த ஓட்டம், ஏரி சைக்கிள் என்று பெயர். பாதி நேரம் சும்மா உறுமல். பல ஷிஃப்ட் ஓடியது. தாள் பளிச்சென்று வெள்ளையாக வந்தது, ஆனால் வடிகட்டி நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்தது.

அந்த விளக்கு எரிந்தால் ஏரியில் பார்த்த அந்த ஓட்டுநர் என்ன செய்வார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. போன் போட்டேன்.

"விளக்குதானே சார்? வயரைப் புடுங்கிடலாம்" என்றார்.