கிளிஞ்சல் வெடித்த மீன்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் அந்த இரண்டு மாதமும் வேலையெல்லாம் கரையில்தான். வலை கட்டுவார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள், உளுத்த பலகையைப் பிடுங்கிவிட்டுப் புதிது அடிப்பார்கள். நான் செய்த கலை வேலைகளில் பாதி அந்த நாட்களில் கையில் கிடைத்த பொருள்களால் ஆனவை.

போன வாரம், மழைக்கு முன்னால், ராயபுரம் வீட்டின் மொட்டைமாடி அறையை ஒழித்தேன். பத்து வருட வேலைகளைத் தரையில் பரப்பியதும் நடக்க இடமில்லை. சுவரோரமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது படகுப் பலகையில் வெட்டிய மரச்செதுக்கு. நைனா வலை கட்டும் படம். இரண்டடி நீளப் பலகை. கல்லூரியில் லினோலியத்திலும் இழைத்த மரத்திலும் வெட்டிப் பழகிய கைக்கு இந்தப் பலகை ஒத்துழைக்கவே இல்லை. ஆணி இருந்த இடத்தைச் சுற்றித் துரு ஊறி மரம் கறுத்திருந்தது. அங்கே உளி வைத்தால் சில்லு சில்லாகப் பெயரும். உப்பு ஏறிய கட்டை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் பல தடவை ஊறவைத்து, நிழலில் காயவைத்த பிறகுதான் மை ஓரளவு சமமாகப் பிடித்தது. ஆண்டர்சன் தெருவில் வாங்கிய தாளைப் பலகைமேல் விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்த அச்சு அது.

ஆணித் துளைகள் அச்சில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். முதல் பலகையில் மரத்தூளையும் பசையையும் குழைத்து எல்லாத் துளைகளையும் அடைத்தேன். அச்சு சுத்தமாக வந்தது. ஆனால் அது எந்த மரக்கடைப் பலகையிலும் வெட்டியிருக்கக்கூடிய படமாக இருந்தது. இரண்டாவது பலகையில் ஒரு துளையைக்கூடத் தொடவில்லை. ஒரு புள்ளி நைனாவின் தோள்மேல் விழுந்திருக்கிறது, இரண்டு வலைக்குள். அவை அங்கேதான் இருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்தப் படத்தில் ஒரு தவறு இருக்கிறது. நைனாவுக்கு இடது கைப் பழக்கம். அச்சில் இடம் வலம் மாறிவிடும் என்பது தெரிந்திருந்தும், எதிரே பார்த்ததை அப்படியே வெட்டிவிட்டேன். தாளை உரித்தால் நைனா வலது கையில் ஊசி பிடித்திருக்கிறார். ஆயா பார்த்தவுடனே, "இது யாரு?" என்றாள். முகம் அவள் மகனுடையதுதான். கைதான் அவளுக்கு அடையாளம். மரத்தில் வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. வேறு பலகை தேடி மறுபடியும் வெட்டினேன்.

"நீ மரமா, மண்ணா, ஏதாவது ஒன்றில் நில்" என்று எனக்கு நல்லது நினைக்கிறவர்களே சொல்லியிருக்கிறார்கள். நான் படித்த எழும்பூர் கவின் கலைக் கல்லூரியின் தொடக்கம் 1850-ல். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் பிராட்வேயில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரத்தில், ஆரம்பித்த பள்ளி அது. ஓவியம், செதுக்கு அச்சு, மண் வேலை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கற்றுக்கொடுத்த இடம். அதனால் மரத்திலிருந்து மண்ணுக்குப் போவதை நான் தாவுவதாக நினைத்ததே இல்லை. ஆணித் துளையை மண்ணில் கொண்டுவர முடியாது. மண்ணுக்குள் நடப்பது மரத்தில் நடக்காது.

மண்ணுக்குள் நடந்ததைச் சொல்கிறேன். சங்கரா மீன் சிவப்பு, சுட்ட மண்ணும் சிவப்பு. அதனால் 22 சங்கரா செய்வது என்று முடிவு செய்தேன். காய்ந்து சுட்டு முடிவதற்குள் களிமண் பத்தில் ஒரு பங்கு போலச் சுருங்கும். அந்தக் கணக்குப் பார்த்துக் கொஞ்சம் பெரிதாகவே பிடித்தேன். விரிசல் விடாமல் இருக்க மண்ணில் மணல் கலக்க வேண்டும். கடல் மீனுக்குக் கடல் மணல்தான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது. எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய் ஒரு பை நிறைய அள்ளிவந்து, தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட்டு, மண்ணோடு மிதித்தேன்.

கொசப்பேட்டையில் ஒரு பெரியவர் தன் சூளையில், பிள்ளையார்களுக்கும் அகல்களுக்கும் நடுவே, என் மீன்களுக்கு ஒரு மூலை கொடுத்தார். சுட்டு எடுத்தபோது 22-ம் முழுசாக இருந்தன. அவ்வளவு சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். நாலாவது நாள் ராத்திரி அறைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பல்லி ஏதாவது தட்டிவிட்டதோ என்று விளக்கைப் போட்டால், ஒரு மீனின் வயிற்றில் காசு அளவுக்கு மண் பெயர்ந்து கிடக்கிறது. குழியின் அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு. மறுநாள் மூன்று மீன். அந்த வாரம் முழுக்கச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

உடைந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு பெரியவரிடமே போனேன். வெள்ளைப் பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இன்னா மணலும்மா போட்ட?" என்றார். சொன்னேன். "கிளிஞ்சல சுட்டா சுண்ணாம்புதான ஆவும்? காத்துல இருக்கற தண்ணிய குடிச்சி ஊதுது. ஊதுனா வெடிக்கும்." அலசியதில் உப்புதான் போனது, கிளிஞ்சல் பொடி போகவில்லை. இனிமேல் ஆற்று மணலைச் சலித்துப் போடச் சொன்னார்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு இந்த ஊருக்குப் புதிதல்ல. சிமெண்ட் வருவதற்கு முன்னால் மெட்ராஸ் கட்டடங்களின் சுவரில் பூசியது அதுதான். கிளிஞ்சலைச் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, அரைத்துப் பூசி, பளிங்கு போலத் தெரியும்வரை தேய்ப்பார்கள். அதே சுண்ணாம்பு என் மீன்களின் வயிற்றுக்குள் தானே நீறிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து மாத வேலை அது.

கடைசியில் 9 மீன்கள் நின்றன. அவற்றிலும் அங்கங்கே குழி இருக்கிறது. செதில் உரித்த இடம் போல, கடலில் வேறு ஏதோ கடித்துவிட்ட இடம் போல. அந்த ஆழமும் ஒழுங்கின்மையும் என் கருவியில் வந்திருக்காது. அதற்குப் பிறகு ஆற்று மணலில் செய்த மீன்கள் ஒன்றுகூட வெடிக்கவில்லை. தரையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என் கை இந்த ஒன்பதுக்குத்தான் போகிறது.

காகிதக்கூழில் செய்த ஏழு கூடைகளும் இருந்தன. ஆயா சொல்லிக்கொடுத்த முறை: பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயத்தோடு அரைத்து, கவிழ்த்த குண்டான்மேல் அப்பிக் காயவைப்பது. வெந்தயம் பசையாகவும் இருக்கும், அதன் கசப்புக்குப் பூச்சியும் அண்டாது. கூடைகள் உறுதியாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றின்மேல் நான் வரைந்த படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஆயா வெறும் காவி மட்டும் பூசுவாள். அதுவே போதும்.

அப்புறம் வலை. ஒரு தடைக்காலம் முழுக்கச் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு கட்டியது. நாளைக்கு ஒரு வரிசை, 61 வரிசை, நீல நைலான். மூங்கில் பட்டையில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டால் கண்ணெல்லாம் ஒரே அளவில் வரும். நைலான் வழுக்கும், ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இறுக்க வேண்டும். முதல் வாரம் விரலில் தோல் உரிந்தது. பிழையானால் அவிழ்த்துவிட்டு மறுபடி போடலாம் என்பது மரத்துக்கும் சுட்ட மண்ணுக்கும் பழகிய எனக்குப் பெரிய ஆறுதல். மேலே மிதவை, கீழே ஈயக்குண்டு கட்டி ஒருமுறை சுவரில் தொங்கவிட்டதோடு சரி, பிறகு மடித்தே வைத்திருந்தேன்.

ஒழித்துக்கொண்டிருந்த அன்று சாயங்காலம் சித்தப்பா மாடிக்கு வந்தார். மரம், மண் எதையும் பார்க்கவில்லை. நேராக வலைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க கண்ணு சின்னதா போயிருக்கு. முடிச்சும் ரொம்ப இறுக்கம். அன்னிக்கி இன்னா?"

வரிசைகளை எண்ணினேன். முப்பத்தெட்டு. நெஞ்சு வலி என்று நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள். ராத்திரி வீட்டுக்கு வந்து, தூக்கம் வராமல், அந்த ஒரு வரிசையைக் கட்டிவிட்டுப் படுத்தேன். எட்டு நாளில் நைனா திரும்பி வந்துவிட்டார். அந்த வரிசை வேறு மாதிரி இருப்பது எனக்கு இத்தனை வருடமும் தெரியவில்லை.

சொன்னேன். சித்தப்பா தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து ஊசி எங்கே என்று கேட்டார். எலி கடித்திருந்த ஓரத்தைக் கட்டி முடித்தார். முப்பத்தெட்டாவது வரிசையைத் தொடவில்லை.