பத்தாவது முன்மொழிவு

2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரம் தொகுதியில் சுயேச்சையாக நிற்க முடிவெடுத்தபோது, பிணைத்தொகையான 25,000 ரூபாயைத் திரட்டுவதுதான் கடினமான வேலை என்று எண்ணியிருந்தேன். பணம் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டது. என்னை அலைக்கழித்தது வேட்புமனுவான படிவம் 2ஏ-யில் முன்மொழிபவர்களுக்கான பத்து வரிகள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்கோ அதே தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும்.

பத்துப் பேரும் தயாராகத்தான் இருந்தார்கள். மனுத்தாக்கல் தொடங்கிய மார்ச் 20 அன்று என் துண்டறிக்கையைப் படித்த விசைப்படகு உரிமையாளர்கள் இருவர், அதிலிருந்த ஒரு பத்தியை எடுத்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பத்தி கச்சத்தீவைப் பற்றியது. 1974 உடன்பாடு 285 ஏக்கர் தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்தது; 1976-இல் பரிமாறப்பட்ட கடிதங்களோடு அக்கடற்பகுதியில் நம் மீன்பிடி உரிமையும் போயிற்று. அந்த இழப்பு எனக்கும் ஆறாத வலிதான். ஆனால் தீவு நாளையே திரும்பக் கிடைத்தாலும், அதைத் தாண்டி இலங்கையின் வடக்கு மாகாணக் கரையோரம் வரை சென்று கடலடியை வலையால் வழித்தெடுக்கும் நம் இழுவைமடிப் படகுகளின் சிக்கல் தீராது. அங்கே அறுபடுவது, போரில் எல்லாம் இழந்து மீண்டும் கடலுக்கு வந்த தமிழ் மீனவர்களின் வலை. இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே ஆண்டு இழுவைமடிக்கு மாற்றாக இங்கே தொடங்கிய ஆழ்கடல் படகுத் திட்டத்தில் ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாயாக வைக்கப்பட்டது. மத்திய அரசு 50 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் தந்தாலும், மீதி 24 லட்சத்தைச் சிறிய உரிமையாளர் எப்படிச் சுமப்பார்? மானியத்தை உயர்த்தி, கெடு வைத்து, இழுவைமடியைக் கைவிட வேண்டும் என்பதே நான் எழுதியது. அதை நீக்கிவிட்டு நிற்பதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

விலகியவர்களில் ஒருவருக்குப் பதிலாக நாட்டுப்படகு மீனவர் ஒருவர் உடனே முன்வந்தார். மற்ற இடத்துக்கு, பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் ஒரு பெரியம்மா தாமாகவே கேட்டு வந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. படிவம் நிரப்பித் தந்த தட்டச்சுக் கடைக்காரர், பல தேர்தல் பார்த்தவர், வீட்டிலேயே கைநாட்டு வாங்கி வந்தால் போதும் என்று உறுதியாகச் சொன்னார். நம்பினேன். 26-ஆம் தேதி மனுவோடு போனபோது, முன்சரிபார்த்த ஊழியர் அந்த ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார்: கைநாட்டு என்றால் தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது தேர்தல் ஆணையம் குறிப்பிட்ட அலுவலர் முன்னிலையில்தான் வைக்க வேண்டும், அவரே சான்றளிக்கவும் வேண்டும். அன்றைய பயணம் வீண். மறுநாள் பிற்பகல் 3 மணியோடு தாக்கல் முடிகிறது.

27-ஆம் தேதி காலை பெரியம்மாவை அழைத்துவர நானே பாம்பன் போனேன். ரயில் பாலம் 2022 டிசம்பரிலிருந்து மூடிக் கிடந்ததால் பேருந்துதான் வழி. அவர் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு வந்தார். வேட்பாளரோடு நான்கு பேரைத்தான் உள்ளே விடுவார்கள்; அவரையே முதலில் நிறுத்தினேன். அலுவலர் முன்னால் பெருவிரலை அழுத்தியபோது மணி 1.40. பணம் கட்டியதும் உறுதிமொழி எடுத்ததும் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன.

சுயேச்சையாக நிற்க எண்ணுபவர்கள் நான்கு மனுக்கள் வரை தரலாம் என்பதை மறக்க வேண்டாம், பிணைத்தொகை ஒன்றுதான். வேறு பத்துப் பேரோடு இரண்டாவது மனு ஒன்று கையில் இருந்திருந்தால் இந்த ஓட்டமே இல்லை. சொத்து, வழக்கு விவரங்களைத் தரும் உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26-இல் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள், ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள். தேர்தல் செலவுக்கான தனி வங்கிக் கணக்கைத் தாக்கலுக்கு முந்தைய நாளே தொடங்கிவிடுங்கள். முன்மொழிபவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் அண்மைப் பட்டியலில் நீங்களே பாருங்கள். வாக்காளர் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம்.

28-ஆம் தேதி பரிசீலனையில் மனு ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய மாலை, திரும்பும் பேருந்தில், பெரியம்மா துண்டறிக்கையைப் படிக்கச் சொல்லி முழுவதும் கேட்டார். “கச்சத்தீவு, இலங்கைன்னு எல்லாம் எழுதியிருக்கீக தம்பி, எங்க பாசி எங்க இருக்கு?” என்றார். இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் தேசியப் பூங்காவான பிறகு, தலைமுறையாகப் பாசி எடுத்த பெண்களுக்கு அந்த ஆழமற்ற கடல் தடைப்பட்ட இடமாயிற்று என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் எழுதவில்லை. அன்றிரவே அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசி, இரண்டாம் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கச் சொன்னேன். இழுவைமடிப் பத்தி முதல் பக்கத்திலேயே இருந்தது.