வல்லத்துக் கல்லும் உள்ளங்கைச் சூடும்

தஞ்சாவூருக்குத் தென்மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற வல்லத்தில் கிடைத்த தெளிந்த கல்லை ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடிக்குத் தீட்டினார்கள். அந்தக் கல்லும், கோயில் வாசலில் மாலையாக விற்கிற ஸ்படிகமும், இன்ஸ்டாகிராமில் 'க்ளியர் குவார்ட்ஸ்' என்று வருவதும் ஒரே கனிமம்தான். சிதம்பரத்தில் தினமும் ஆறு கால அபிஷேகம் ஆகிறதே, அந்த லிங்கமும் அதேதான். ஆகவே கல்லைக் கையில் எடுப்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. நம்மை நாமே ஏற்றுக்கொள்ளப் பழகுவதற்கு அதை வைத்துக்கொள்வதுதான் புதிது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் 2001-ல் ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னார். பாதிப் பேர் கையில் அசல் கல், மீதிப் பேர் கையில் போலி. கை சூடானது, சிலிர்த்தது, மனசு லேசானது என்று இரு தரப்பும் ஒரே மாதிரி சொன்னார்கள். அப்படியானால் அசல் எதற்கு? எனக்குத் தெரிந்து ஒரே காரணம், அதன் குளிர்ச்சி. குவார்ட்ஸ் கண்ணாடியை விடப் பல மடங்கு வேகமாகக் கைச்சூட்டை இழுத்துக்கொள்ளும். தொட்டதும் சில்லென்று இருக்கும், பிறகு மெல்ல மெல்லக் கைச்சூட்டுக்கு வரும். கீழே சொல்லும் முறைக்கு அந்த நேரம்தான் கடிகாரம்.

வாங்கும்போது உள்ளங்கையில் மூடினால் அடங்குகிற அளவு போதும்: 4 செ.மீ. நீளம், 40 கிராம் சுமார். கல்லுக்குள் உருண்டை உருண்டையாகக் காற்றுக்குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. மூடுபனி மாதிரி மங்கலும் நூல் மாதிரி கீற்றும் இருந்தால் நல்ல அறிகுறி. சந்தேகம் தீரவில்லையா, 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து அளவைச் சைபர் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தட்டாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். முதல் எடையை இப்போது காட்டுகிற எண்ணால் வகுத்தால் 2.65 வர வேண்டும். சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கம் நிற்கும். கல் அடியைத் தொட்டுவிட்டால் கணக்கு மொத்தமும் கெடும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். 'சுய அன்புக்கு' என்று விற்கிற ரோஸ் குவார்ட்ஸ் என்ற இளஞ்சிவப்புக் கல்லில் சாயம் ஏற்றியதும் உண்டு. விரிசல்களில் மட்டும் நிறம் அடர்ந்திருந்தால், நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் சாயம்.

இனி முறை. விளக்கேற்றின பிறகோ, கோலம் போட்டு வந்து காபிக்கு முன்போ, ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் போதும். கல், ஒரு நோட்டு, ஒரு பேனா. சித்திரையில் டெல்டா வீடுகளில் கல்லே கைச்சூட்டுக்கு நெருங்கிவிடும், தொட்டால் குளிராது. அரை மணி முன்பே மண்பானைத் தண்ணீர் கொஞ்சத்தை ஒரு கிண்ணத்தில் எடுத்து அதில் போட்டு வையுங்கள், எடுத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், திடீர்ச் சூட்டு மாற்றத்தில் உள்விரிசல் நீளும்.

கையில் மூடி உட்காருங்கள். குளிர் போகும் வரை எதையும் சொல்ல வேண்டாம். எந்த விரலில் குளிர் கடைசியாக நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அது போனதும் நோட்டில் மூன்று வரி. முதல் வரி, உங்களிடம் உங்களுக்கே பிடிக்காத ஒன்று, வசையில்லாமல், வெறும் தகவலாக: "ரெண்டு அரியர் இன்னும் நிக்குது." "அக்காவ விட நான் கருப்பு, அது கல்யாண வீட்ல உறுத்துது." இரண்டாவது, அதே விஷயத்தைச் சிநேகிதி வந்து சொன்னால் அவளுக்கு என்ன சொல்வீர்களோ அது: "யாருக்குத்தாண்டி நிக்கல, அதுக்காக நீ முட்டாளா?" மூன்றாவது, இன்றைக்குள் முடிகிற ஒரு சின்னக் காரியம். இரண்டாவது வரியை மட்டும் கல்லைப் பிடித்தபடி மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் பேசுகிற பேச்சில் சொல்ல வேண்டும். மேடைத் தமிழில் சொன்னால் வேறு யாரோ பேசுவது போல இருக்கும்.

பலர் செய்வது போல "நான் அழகு, நான் அற்புதம்" என்று 108 தடவை ஜபிக்க வேண்டாம். உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் 'நான் அன்புக்குரியவன்' என்ற மாதிரி வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களை விட மோசமாகவே உணர்ந்தார்கள். நம்ப முடியாத வாக்கியத்துக்கு மனசு உடனே எதிர்வாதம் பேச ஆரம்பித்துவிடும். சிநேகிதிக்குச் சொல்வதில் அந்த வம்பு இல்லை, ஏற்கெனவே நம்பித்தான் சொல்கிறோம்.

கெட்டுப்போகிற இடம் இன்னொன்று. கல் பையில் இல்லாவிட்டால் பதறுகிறதா? ஒரு வாரம் கல்லை எடுத்து வைத்துவிட்டு, புளியங்கொட்டையை வைத்துச் செய்யுங்கள். அதிலும் நடந்தால் பழக்கம் உங்களுடையது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் கல்லோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

பராமரிப்பு சொற்பம். குவார்ட்ஸுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படலம் கட்டும். எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் போகும். ஆனால் கடைகளில் விற்கிற வேறு கற்களான கால்சைட், மாலகைட் மேல் எலுமிச்சை படக்கூடாது, அமிலம் அரித்துவிடும். செலினைட் என்ற மென்மையான கல்லைத் தண்ணீரிலேயே நனைக்காதீர்கள். எந்தக் கல்லையும் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், செம்பும் ஈயமும் உள்ள கற்களும் சந்தையில் உண்டு. கற்பூரத் தீயில் காட்ட வேண்டாம். அமெதிஸ்ட் என்ற ஊதாக் கல்லை மாடியில் வெயிலில் வைத்தால் நாளடைவில் நிறம் போகும். தெளிந்த உருண்டைக் கல்லை ஜன்னலோரம் வைக்கவே கூடாது, பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைக்கும். ஐப்பசி அடைமழையில் வெல்வெட் பை பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.