மணலுக்குள் புதைந்த திருக்கை: சுவாசத்துளை ஒருவழியாகச் சிக்கியது

திருக்கையின் கண்ணுக்குப் பின்னாலுள்ள சுவாசத்துளை திறந்திருக்கும் கணம், அதைச் சுற்றிய மணல் பருக்கை வரை கூர்மை. அப்படி ஒரு படம் இந்தச் சீசனில்தான் விழுந்தது. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, மணல் தரை, ஆழம் 2 மீற்றர் போல, ஆள் நீலப்புள்ளித் திருக்கை. ஷட்டர் 1/200, எஃப் 8, ஐஎஸ்ஓ 400, பிளாஷ் இல்லை.

கமரா அமைப்பு ஒரு பெரிய விசயமே இல்லை. கெடுப்பது மணல் கலங்கல்தான். பிளாஷ் போட்டால் மிதக்கும் துகள் எல்லாம் வெள்ளைப் புள்ளி. போடாவிட்டால் படம் முழுக்க மங்கல். அதனால் எந்தப் பக்கமாகக் கிட்டப்போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீரோட்டம் திருக்கையிலிருந்து நம்மை நோக்கி வரவேண்டும். நாம் கிளப்பும் மணல் அப்போது பின்னால் போய்விடும். மற்றப் பக்கமாகப் போனால் அதே மணல் நமக்கு முந்திப் போய் லென்சுக்கும் மீனுக்கும் நடுவில் நிற்கும். ஓட்டம் பிடிபடவில்லையென்றால் ஒரு சிட்டிகை மணலை விரலிடுக்கால் விட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் சரிகிறதென்று.

3 மீற்றர் தள்ளியே கீழே இறங்கிவிட வேண்டும். பிறகு கால் துடுப்பை அடிக்கவே கூடாது, விரல் நுனியால் உன்னி ஊர்வதுதான். விரல் ஊன்றும் இடத்தை முதலில் பார்க்கவும். பக்கத்தில் இன்னொன்று புதைந்து கிடக்கும். வால் முள் குத்தினால், அந்த நஞ்சு வெப்பத்தில் சிதையும் புரதம் என்பதால், தாங்கக்கூடிய சுடுநீரில் (45 பாகைக்கு மேல் போகாமல்) காயத்தை அமிழ்த்தி வைத்து, வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

மேலிருந்து எடுத்தால் தட்டையான தட்டுத்தான் கிடைக்கும். போதாததற்கு நம் நிழல் விழுந்ததும் பறந்துவிடும். பக்கவாட்டில், கண் மட்டத்தில் எடுக்கவும். வாய் அடியில் இருப்பதால், புதைந்து கிடக்கையில் கண்ணுக்குப் பின்னாலுள்ள துளை வழியாகவே நீரை இழுக்கும். அது திறந்து மூடும் தாளத்தை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு அமுக்கவும். உடல் விளிம்பு நெளிந்து மணல் சரியத் தொடங்கினால் அசையாமல் நிற்கவும்.

வெள்ளைச் சமநிலைக்கு (நிறம் சரியாக விழ, வெள்ளை எதுவென்று கமராவுக்குக் காட்டுவது) அந்த ஆழத்து மணலையே காட்டினேன். வெள்ளை மணல் கமராவின் ஒளிமானியை ஏமாற்றிப் படத்தை இருட்டாக்கும், ஒளியளவை +2/3 கூட்டவும்.

கமராவை நீர் புகாமல் வைக்கும் கூட்டின் ஓ-வளையத்துக்கு (நீர் கசியாமல் அடைக்கும் வளையம்) கிறீஸ் வாங்குவதுதான் பெரிய தலையிடி. எந்த வளையம் என்று கேளாமலே சிலிக்கன் கிறீஸை நீட்டுகிறார்கள். கறுப்பு நைற்றைல் றப்பருக்கு அது சரி. சிலிக்கன் வளையத்துக்குப் பூசினால் உப்பிப்போய் ஒழுகும்.

அடுத்து மலைநாட்டுப் பக்கம் முள்வால் உழவாரன். வால் இறகின் தண்டுகள் நுனியில் முள்ளாக நீட்டியிருப்பது தெரிய வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/3200-க்குக் குறையக்கூடாது, பறவையும் தாழ வரவேண்டும். ஆனால் வாடைக்காற்று தொடங்கிக் கடல் கலங்குமுன் திருக்கை எழும்பும் கணத்தில் அதன் வால் முள்ளும் தெரிகிற படம் ஒன்று பாக்கி.