ஓப்பன்சிவி 4.5.5-ஐ பைபிஐயில் தேடுகிறவர்களுக்கு

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை. கேமராப் படத்தைப் பார்த்துக் குருணை எவ்வளவு என்று சொல்லும் பைதான் நிரல் ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது, அதுவும் சம்பா நெல் வந்து குவிகிற நேரத்தில். திரும்ப நிறுவித் தரும் வேலை எனக்கு வந்தது.

நிரலை எழுதிய நிறுவனம் தந்த பட்டியலில் ‘பைதான் 3.10, ஓப்பன்சிவி 4.5.5’ என்று இருந்தது. ஓப்பன்சிவி என்பது படங்களை அலசும் நிரல் தொகுப்பு. பைதான் பொதிகளை இறக்கி நிறுவும் கருவியான பிப்பில் அந்த எண்ணைக் கொடுத்தால் அப்படி ஒரு பதிப்பே இல்லை என்கிறது. போன் செய்தேன். “எங்க மெஷின்ல அதுதான் சார் காட்டுது, உங்க நெட்டைப் பாருங்க” என்று வைத்துவிட்டார்கள். இன்னும் ஆறவில்லை.

விஷயம் இதுதான். நிரலுக்குள் சிவி2-விடம் (ஓப்பன்சிவிக்கு நிரலில் அதுதான் பெயர்) பதிப்பைக் கேட்டால் 4.5.5 என்றுதான் சொல்லும். பிப் பொதிகளை எடுத்துவரும் இணையக் கிடங்கான பைபிஐயில் அதே சரக்கு ‘ஓப்பன்சிவி-பைதான்’ என்ற பெயரில், 4.5.5.62, 4.5.5.64 என்ற எண்களில் இருக்கிறது. முதல் மூன்று எண்கள் ஓப்பன்சிவியுடையவை. நான்காவது, பொதி கட்டுகிறவர்கள் போடுவது. வெறும் 4.5.5 என்று கேட்டால் பிப் அதை 4.5.5.0 என்றே எடுத்துக்கொள்ளும். அப்படி ஒன்று கிடையாது.

எரர் வந்தால் பதறாமல் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படியுங்கள். பதிப்புகள் வரிசையாக இருந்தால் எண்தான் தப்பு. எதுவுமே இல்லை என்று வந்தால் பெயர், பைதான் பதிப்பு, நெட் இவற்றைப் பாருங்கள். அப்புறம், யாரிடமும் வாய்வார்த்தையாகப் பதிப்பு கேட்காதீர்கள். நிறுவியிருக்கும் பொதிகளைப் பதிப்போடு பட்டியலிடும் பிப் ஃப்ரீஸ் கட்டளை தருவதை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். நான் விடாமல் கேட்டு வாங்கினேன். அதில் 64 இருந்தது.

சரி, ஆலையில் நெட் கிடையாது. பட்டியலில் சொன்ன 3.10-க்கே எல்லாவற்றையும் இறக்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறினேன். ஆலைக் கணினியில் கேமரா டிரைவருக்காகப் போட்டிருந்ததோ 3.9. ஓப்பன்சிவியின் வீல் கோப்பு (நிறுவத் தயாராகக் கட்டிய பொதி) 3.6-க்கு மேல் எதிலும் ஏறும்; அது ஏறிவிட்டது. ஓப்பன்சிவிக்குத் தேவைப்படும் கணக்குப் பொதியான நம்பையின் கோப்பு 3.10-க்கு என்றே கட்டியது. ஏறவே மாட்டேன் என்றது. “லாரி நிக்குது தம்பி” என்கிறார் முதலாளி. என்ன பதில் சொல்வது? திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் வேறு மூடியிருந்தது.

பிப் டவுன்லோடு செய்யும்போதே எந்தப் பைதானுக்கு, எந்த இயங்குதளத்துக்கு என்று சொல்லிவிடலாம். அப்போது பைனரி, அதாவது ஏற்கெனவே கட்டிய கோப்பு, மட்டும் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மறுத்துவிடும். இன்னொன்று: நம்பையை 2-க்குக் கீழே உள்ள பதிப்பிலேயே நிறுத்திவையுங்கள். 4.5.5.64 கட்டப்பட்டது பழைய நம்பையை வைத்து. பிப் தானாக 2.0.2-ஐ எடுத்துவந்தது, இம்போர்ட் வரியிலேயே நின்றுவிட்டது. நல்லவேளை, மறுபடி கிளம்புமுன் வீட்டிலேயே ஒரு 3.9 சூழலில் ஓட்டிப் பார்த்ததால் தெரிந்தது.

அடுத்த முறை போனபோது எல்லாம் ஒரே மூச்சில் ஏறியது. பிப் ஃப்ரீஸ் பட்டியலை அச்செடுத்து, பைதான் பதிப்பையும் மேலே எழுதி, ஆலை அலுவலகக் கோப்பில் சேர்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.