நான்கு பேர் பார்த்த படம்

எங்கள் வீட்டுக்கு நேற்று வந்து சேர்ந்த டி.எஸ்.எல்.ஆர். கேமரா (உள்ளே கண்ணாடி வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போடும் வகை) எடுத்த முதல் படத்தை இந்த உலகத்தில் நான்கு பேர் மட்டுமே பார்த்திருக்கிறோம். ஐந்தாமவர் பார்ப்பதற்கு இனி வழியில்லை. அந்தக் கதைக்கு வருவதற்கு முன், ஒரு கேமராவைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஏன் மூன்று மாதம் பிடித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மைத்துனன் அதை வேறு விதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

குடை வாங்குவதென்றாலும் அட்டவணை போட்டுத்தான் நான் வாங்குவேன் என்பது உங்களுக்குத் தெரியும். கேமராவுக்குப் போட்ட அட்டவணையில் 14 பத்திகள் இருந்தன. வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரின் அளவு, படத்தில் எத்தனை புள்ளி என்று சொல்லும் மெகாபிக்சல், மங்கலிலும் படம் பிடிக்க உதவும் ஐ.எஸ்.ஓ. எல்லை, நொடிக்கு எத்தனை படம், எடை, ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடத் தாங்கும் என்று எதையும் நான் விட்டுவைக்கவில்லை. 20 மெகாபிக்சலா, 24 மெகாபிக்சலா என்ற ஒற்றைக் கேள்வியிலேயே மூன்று வாரம் கழிந்தது. இருபதுக்கு ஒப்புக்கொண்டால் அந்த மீதி நான்கு மெகாபிக்சலில் என் வாழ்க்கையின் முக்கியமான ஏதோ ஒன்று நழுவிவிடும் என்று உண்மையாகவே தூக்கமில்லாமல் கிடந்தேன். பிறகு ஒரு நாள் நள்ளிரவில் எழுந்து கணக்குப் போட்டால், ஒன்றுக்கு அகலவாக்கில் 5472 புள்ளிகள், மற்றொன்றுக்கு 6000. வித்தியாசம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பெரியதை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் படம் 20 அங்குல அகலத்துக்கு வரும். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கே இரண்டு பேரின் ஒப்புதல் தேவைப்படும் வீட்டில், 20 அங்குலப் படத்தை நான் எங்கே மாட்டப் போகிறேன்?

மனைவி அந்த அட்டவணையை ஒரே ஒரு முறைதான் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இதில் யாரை எடுக்கப் போகிறீர்கள் என்பதற்கு ஒரு பத்தி இல்லையே?" என்று கேட்டாள். பறவைகள், மலைகள், இரவு வானம் என்று நான் தொடங்கியதும், "கடைசியாக எப்போது சூரியன் உதிப்பதற்கு முன் எழுந்தீர்கள்?" என்றாள். இதற்கெல்லாம் பதில் சொல்லி மாட்டிக்கொள்ளும் ஆள் நான் இல்லை. கைப்பேசியை எடுத்து, கடந்த ஓராண்டில் எதைத்தான் படம் பிடித்திருக்கிறேன் என்று புரட்டத் தொடங்கினேன்.

முதல் கேமரா வாங்க நினைக்கும் எவரும் அட்டவணை போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் நெஞ்சில் துணிவு வேண்டும். 2300 படங்களில் பறவை என்று ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பியில் காயும் துணி என்று பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது. மின் மீட்டர், ரசீதுகள், வண்டியை நிறுத்திய இடம் ஆகியவற்றைக் கழித்தால், மீதி அத்தனையும் மாலை ஆறு மணிக்கு மேல், கூடத்துக் குழல்விளக்கின் கீழ், பத்தடித் தூரத்துக்குள் எடுத்தவை. பாதியில் மகன் ஒரு நீளமான கறையாக ஓடிக்கொண்டிருந்தான். மீதியில் அம்மா இருந்தாள். எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருந்தாள்.

அம்மாவின் கண்களைப் பற்றி உங்களிடம் நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. என் திருமண ஆல்பத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்கள், மாப்பிள்ளையின் தாயார் முழு நிகழ்ச்சியையும் உறங்கியே கழித்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

ஆக, என் தேவை மலையும் இல்லை, வானமும் இல்லை. மங்கலான வெளிச்சத்தில் ஓடும் ஒரு பையனும், இமைக்கும் ஓர் அம்மாவும்தான். இது தெரிந்ததும் அட்டவணையின் 14 பத்திகளில் 11 தாமாகவே உதிர்ந்துவிட்டன. கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் முழுவதும் நீட்டிய நிலையில் எஃப் 5.6 வரைதான் வாய் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிது). எஃப் 1.8 வரை திறக்கும் ஒரு லென்ஸைப் போட்டால் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். நொடியில் 15இல் ஒரு பங்கு திறந்திருந்தால்தான் விழும் படம், 125இல் ஒரு பங்கிலேயே விழுந்துவிடும். கேமரா உடலுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தைப் பிடித்துவைத்து லென்ஸில் போட வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதமும், மனைவிக்கு ஒரு கேள்வியும் தேவைப்பட்டன.

இதிலும் ஒரு பள்ளம் இருந்தது. எல்லோரும் 50 மி.மீ. லென்ஸ் வாங்கச் சொன்னார்கள் (இந்த மி.மீ. எண் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும்). தொடக்கநிலைக் கேமராக்களின் சென்சார், பழைய ஃபிலிமின் 36க்கு 24 மி.மீ. அளவைவிடச் சிறியது என்பதால், அதில் மாட்டிய 50 மி.மீ. ஏறக்குறைய 75 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். நண்பனிடம் கேமராவோடு இரவல் வாங்கிச் சோதித்தபோது, மகனை முழு உருவமாகப் பிடிக்க நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து, குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடி முதுகில் குத்தும் இடத்தில் போய் நின்றேன். அதற்கு மேல் நகர வேண்டுமானால் சுவரை இடிக்க வேண்டும். அதனால் 35 மி.மீ. என்று முடிவாயிற்று. (அதே நண்பனிடம் பரணில் கிடந்த இன்னொரு பழைய லென்ஸையும் ஆசையாக வாங்கி வந்தேன். நிகானின் டி 3000, டி 5000 வரிசைக் கேமராக்களில் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய லென்ஸில் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நான் திருகி முடிப்பதற்குள் மகன் குளித்துவிட்டே வந்துவிட்டான்.)

"கண்ணாடி வைத்த கேமராவின் காலம் முடிந்துவிட்டது, மாமா; கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்குங்கள்" என்று மைத்துனன் இடையிடையே ஓதிக்கொண்டிருந்தான். அவன் சொன்னதில் தவறில்லை. பெரிய நிறுவனங்களின் கவனம் அந்தப் பக்கம் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் கண்ணை வைத்துப் பார்க்கும்போது திரையைப் பார்க்காமல், லென்ஸ் வழியாக வந்த வெளிச்சத்தையே கண்ணாடியில் பட்டுத் திரும்பிய நிலையில் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்பதற்கு அட்டவணையில் எப்படி மதிப்பெண் போடுவது? குறை இல்லாமல் இல்லை. தொடக்கநிலைக் கேமராக்களில் அந்தக் காட்சித்துளை, பதிவாகும் படத்தில் சுமார் 95 விழுக்காட்டைத்தான் காட்டுகிறது; காட்டாமல் விட்ட ஓரத்தில் மைத்துனனின் முழங்கை எப்படியும் நுழைந்துவிடும் என்பது என் கணிப்பு.

கடையில் இறுதித் தேர்வு ஒரு நிமிடத்தில் முடிந்தது. நான் முதலிடம் கொடுத்திருந்த கேமராவை மனைவி கையில் வாங்கினாள். அவளுடைய சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமில்லாமல் அடியில் அந்தரத்தில் தொங்கியது. இரண்டாவதை வாங்கினாள், ஐந்து விரல்களும் பதிந்தன. "இது" என்றாள். படம் எடுக்கப் போவது நானல்லவா என்று கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பேட்டரியை மின்னேற்றிப் போட்டுவிட்டு, சிறுவிளக்கு எப்போது நிலையாக எரியும் என்று ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அம்மா தலை சீவிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, சன்னலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். மாலை வெயில் ஒரு பக்கமாக விழுந்தது. நான் ஒரு மீட்டர் தள்ளி மண்டியிட்டு, எஃப் 1.8இல் வைத்து, அவளுடைய இடது கண்ணில் ஃபோகஸ் பிடித்து அழுத்தினேன்.

பின்திரையில் படம் வந்தது. அம்மா கண்ணைத் திறந்திருந்தாள். வெறுமனே திறந்திருக்கவில்லை; எதையோ சொல்ல வாயெடுத்து, சிரிப்பு வந்து நிறுத்தியவளைப் போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைத்துனன்கூட வாயை மூடிக்கொண்டான். "என்னடா, எனக்குக் காட்டு" என்று அம்மா கண்ணாடியைத் தேடி எழுந்து போனாள். அவள் திரும்பி வருவதற்குள் திரை அணைந்துவிட்டது. மறுபடி காட்டும் பொத்தானை அழுத்தினால், காட்டுவதற்குப் படம் எதுவும் இல்லை.

கேமராவுக்குள் மெமரி கார்டு இல்லை. பெட்டியோடு அது வராது, தனியாக வாங்க வேண்டும், நான் வாங்கவில்லை. கார்டு இல்லாமலேயே ஷட்டர் இயங்கும்படி வைக்கும் ஓர் அமைப்பு அதில் உண்டு, கடையில் செயல்விளக்கம் காட்டியபோது அது திறந்தே விடப்பட்டிருக்கிறது. திரையின் ஓரத்தில் 'டெமோ' என்று எழுதியிருந்ததாக மகன் பிறகு சொன்னான். அப்போதே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, அது பாட்டியின் படத்துக்கு நான் வைத்த பெயர் என்று நினைத்தானாம்.

1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா, 0.01 மெகாபிக்சல் படம் ஒன்றைப் பதிவு செய்ய 23 நொடி எடுத்துக்கொண்டது. அந்த 23 நொடிக்குள் அம்மா பத்து முறை இமைத்திருப்பாள் என்று இதற்கு முன் பலமுறை சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் அதில் ஒரு கேசட்டைப் போட்டு வைத்திருந்தார். 14 பத்தி அட்டவணை போட்ட நான் எதையும் போடவில்லை.

ஓடிப்போய் கார்டு வாங்கிக்கொண்டு திரும்பி, அதே நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து 43 படங்கள் எடுத்தேன். நாற்பத்து மூன்றிலும் கண் மூடியிருக்கிறது. அவற்றில் மூன்றில் மைத்துனனின் முழங்கையும் இருக்கிறது.

இன்று காலையிலிருந்து அம்மா ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, அந்தப் படத்தில் தான் எப்படி இருந்தாள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். சிரித்தாய் என்று மகனும், அழகாக இருந்தீர்கள் என்று மனைவியும் சொல்லியிருக்கிறார்கள். கடைசியாக என்னிடம் வந்தாள்.

"தோடு தெரிந்ததாடா?"

எஃப் 1.8இல் ஒரு மீட்டர் தூரத்தில் ஆறு சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது கலங்கிப்போகும், கலங்கித்தான் இருந்தது.

"நன்றாகத் தெரிந்ததம்மா" என்றேன்.