ஈ.சி.ஜி. நார்மல் என்றார்கள், பிரச்சினை அதற்குள்ளேயேதான் இருந்தது

விடிகாலையில் அலாரம் திடீரென்று அலறினால் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்ளும். சில நாள் கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே சாய்ந்துவிடுவேன். பரம்பரையாக வரும் ‘லாங் க்யூ.டி.’ என்கிற இதயத் துடிப்புக் கோளாறுதான் காரணம் என்று இப்போது தெரியும். மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது, நன்றாகவும் இருக்கிறேன். ஆனால் இங்கே வந்து சேர்வதற்குள் பட்ட அலைச்சல் இருக்கிறதே, நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

முதலில் போன மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘குடும்பத்தில் இதய நோய் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் அடித்தேன். யாருக்கு, எந்த வயதில், எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த ஒரு டிக்கை வைத்தே எல்லாம் அடைப்பு, கொலஸ்ட்ரால் பக்கம் போய்விட்டது. ரத்தப் பரிசோதனை, எக்கோ, டிரெட்மில் எல்லாம் சரி. ஈ.சி.ஜி. தாளில் ‘நார்மல்’ என்று இயந்திரமே அச்சடித்திருந்தது. “டென்ஷனைக் குறைங்க, நல்லாத் தூங்குங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய 10 நொடிப் பதிவை வைத்து வந்த தீர்ப்பு அது!

அடுத்தது ஹோல்டர். 24 மணி நேரமும் மார்பில் ஒட்டியிருக்க வேண்டிய கருவி. அவசரத்தில் தோலைத் துடைக்காமலேயே ஒட்டிவிட்டார்கள். ராத்திரி வியர்வையில் இரண்டு பட்டைகள் கழன்றுவிட்டன. ‘பதிவு தெளிவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தது, மறுபடியும் பணம் கட்டச் சொன்னார் கவுண்டரில் இருந்தவர். சண்டை போட்ட பிறகுதான் இலவசமாக மாட்டினார்கள். நீங்கள் மாட்டிக்கொள்ளப் போனால் அன்றைக்கு மார்பில் க்ரீம், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். முடி இருந்தால் மழிக்கச் சொல்லுங்கள். ஒட்ட ஒரு டேப்பும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படபடப்பு வந்த நேரத்தை நிமிடத்தோடு எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பதிவில் பாதிப் பயன் போச்சு.

ஒருவழியாக, துடிப்புக் கோளாறுகளை மட்டும் பார்க்கிற டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே “அப்பா எப்படி இறந்தார்?” என்பதுதான். 39 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கிறது, பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. “பழைய ஈ.சி.ஜி. ஏதாவது கிடைக்குமா பாருங்க” என்றார்.

அப்பாவை முன்பு காட்டிய மருத்துவமனையின் ஆவண அறைக்குப் போனேன். வாரிசு என்று கடிதம் வேண்டும் என்றார் எழுத்தர். கடிதத்தோடு போனால் நகல் வேண்டும் என்றார். நகலும் கொடுத்த பிறகு, தலையைக்கூட நிமிர்த்தாமல், “அவ்வளவு பழசெல்லாம் எப்பவோ கழிச்சாச்சே” என்கிறார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கடைசியில் கைகொடுத்தது அத்தைதான். போன் மணி சத்தமாக அடித்தால் மயங்கி விழுவார், கை கால் வெட்டும். வலிப்பு என்று சொல்லி வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறார். அவருடைய பழைய ஃபைலில் ஒரு ஈ.சி.ஜி. இருந்தது. வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால் பழுப்பேறி, கோடெல்லாம் மங்கிப்போயிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் அலைகள் தெரிந்தன. உடனே போனில் படம் எடுத்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் இருக்கும் தாள்களையும் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

டாக்டர் இரண்டு ஈ.சி.ஜி.களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவியைக் கையில் எடுத்தார். என்னுடையதில் டி அலை (ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் அலை) தட்டையாக, நடுவில் ஒரு பள்ளத்தோடு இருந்தது. அந்தப் பள்ளத்திலேயே அலை முடிந்துவிட்டதாக இயந்திரம் கணக்குப் போட்டிருக்கிறது. கையால் அளந்தபோது, க்யூ.டி. அளவு, அதாவது இதயக் கீழறைகளின் மின் அலை தொடங்கி டி அலை முடியும் வரையான நேரம், துடிப்பு வேகத்துக்குத் திருத்திப் பார்த்தால் 490 மில்லி நொடி. ஆண்களுக்கு 450-ஐத் தாண்டினாலே நீளம் என்பார்கள். அத்தையுடையதும் அதே வடிவம். திடீர்ச் சத்தம் தூண்டிவிடுவது இந்த நோயின் இரண்டாம் வகையில் அதிகமாம். மரபணுச் சோதனையும் அதையே சொன்னது: கே.சி.என்.எச்.2 மரபணுவில் மாற்றம்.

ஆகவே ‘குடும்பத்தில் ஹார்ட் பிராப்ளம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அடைப்பு என்றால் ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 65 வயதுக்கு முன்பு வந்ததா என்று பார்ப்பார்கள். துடிப்புக் கோளாறுக்குக் கேட்க வேண்டியவை வேறு. சின்ன வயதில் திடீர் மரணம், நன்றாக நீந்தத் தெரிந்தவர் தண்ணீரில் மூழ்கியது, மருந்துக்கு அடங்காத வலிப்பு, காரணம் தெரியாத மயக்கம், தொட்டிலிலேயே இறந்த குழந்தை. வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, மருந்துக் கடையில் கவனம். அசித்ரோமைசின், டோம்பெரிடோன், ஃப்ளூகோனசோல் போன்ற சாதாரண மாத்திரைகளே க்யூ.டி.யை இன்னும் நீட்டிவிடும். எனக்கு ஆகாத மருந்துகளின் பட்டியல் இப்போது பர்ஸில் இருக்கிறது. வாந்தி, பேதி வந்து பொட்டாசியம் குறைந்தாலும் ஆபத்துதான். இந்த நோய்க்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது. அலாரத்தைத் தூக்கிப் போட்டாயிற்று.

பெற்றோரில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. அக்கா உடனே சோதித்துக்கொண்டாள், அவளுக்கு இல்லை. தம்பி மட்டும் “நான் நல்லாத்தானே இருக்கேன்” என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அவனுக்கும் நானே நேரம் வாங்கிவிட்டேன். அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.